ஸீட்டா தெரியாத ராமானுஜன்

போன தீபாவளிக்கு எங்க மாமா ஒரு பலேனோ எடுத்தார். செகண்ட் ஹேண்ட்தான், ஆனா பளபளன்னு இருந்தது. பட்டாபிராம்ல எங்க தெருவுக்குள்ள அதைத் திருப்பி நிறுத்தறதுக்கே பத்து நிமிஷம் ஆச்சு. இறங்கினதும் அவர் முதல்ல சொன்ன விஷயம், இது ஸீட்டா மாடல் என்பது. சிக்மா, டெல்டா எல்லாம் கீழே. அதுக்கு மேலே ஸீட்டா. உச்சியில ஆல்ஃபா. இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தா ஆல்ஃபாவே எடுத்திருப்பாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ஏன்னு தெரியும். நமக்கு ஸீட்டா என்றால் டேம்பிங் ரேஷியோ. வண்டி ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினா எத்தனை ஆட்டம் ஆடி அடங்கும்னு சொல்ற எண். மாமாவோட ஸீட்டாவுக்குள்ள நம்ம ஸீட்டாவும் உட்கார்ந்திருக்கு, ஷாக் அப்சார்பர்ல. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கிரேக்க எழுத்துகள் மொத்தம் 24தான். ஆனால் எல்லா டிபார்ட்மென்ட்டும் அந்த 24-ஐத்தான் பங்கு போட்டுக்குது. சிக்மாவை எடுத்துக்கோங்க. சிவில், மெக்கானிக்கல் பசங்களுக்கு அது ஸ்ட்ரெஸ். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல ஸ்டாண்டர்ட் டீவியேஷன். எங்க ஈ.ஈ.ஈ.-ல கண்டக்டிவிட்டி. ரீல்ஸ் பார்க்கிறவங்களுக்கு கோட்டு போட்டுக்கிட்டு யாரையும் கண்டுக்காம தனியா நடந்து போற ஆள். ஒமேகா பெரிய எழுத்தா இருந்தா ரெசிஸ்டர் மேல ஓம், சின்ன எழுத்தா இருந்தா ஆங்குலர் ஃப்ரீக்வென்சி, ஷோரூம்ல இருந்தா நம்மால வாங்க முடியாத வாட்ச். டெல்டாவைச் சொன்னா சென்னைக்காரங்களுக்கு 2021-ல வந்த கொரோனா ஞாபகம் வரும். தஞ்சாவூர்க்காரங்களுக்கு அவங்க ஊர் ஞாபகம் வரும். ஆறு கடலைச் சேரும் இடத்துல பிரிஞ்சு விரியற நிலம் முக்கோணமா இருக்கிறதால, நைல் நதி முகத்துவாரத்துக்கு கிரேக்கர்கள் அந்த எழுத்தோட பெயரை வச்சாங்க. அது அப்படியே காவிரி வரைக்கும் வந்து சேர்ந்திருச்சு.

நான் சொல்லப்போற ஆளும் அந்த டெல்டாவில் வளர்ந்தவர்தான். ஸ்ரீனிவாச ராமானுஜன். அவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், 1729 கதை கூடத் தெரியும்னு பக்கத்தைத் தள்ளிடாதீங்க. 1729 இந்தக் கட்டுரையில் இதோடு சரி. நான் சொல்ல வந்தது வேற.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். ஃபர்ஸ்ட் இயர்ல பேசிக் எலக்ட்ரிக்கல் வகுப்பு. போர்டுல டௌ எழுதி, இது என்னன்னு கேட்டாங்க. என் நண்பன் ஒருத்தன், பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், கையைத் தூக்கி திருப்பு விசைன்னு சொன்னான். வகுப்பே சிரிச்சது. நானும் சிரிச்சேன். அங்கே வேண்டிய பதில் டைம் கான்ஸ்டன்ட். ஆனால் அவன் சொன்னது தப்பில்லை. திருப்பு விசை என்றால் டார்க். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் அந்த எழுத்து டார்க்குக்குத்தான் வரும். எனக்கு அந்தத் தமிழ்ச் சொல் தெரியாததால்தான் சிரிச்சேன். அந்த செமஸ்டர் முழுக்க அவன் அப்புறம் கையைத் தூக்கவே இல்லை. ராமானுஜன் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப அந்த வகுப்பறைதான் ஞாபகம் வந்தது.

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவின் ஊரில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா ஜவுளிக்கடைக் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். வீட்டில் காலேஜ் பசங்களை தங்கவைத்துச் சாப்பாடு போட்டு கொஞ்சம் காசு பார்த்தார்கள். அந்தப் பசங்களிடமிருந்துதான் அவருக்குப் பெரிய வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் கிடைத்தன.

1903-ல் கையில் கிடைத்த ஒரு புத்தகம்தான் எல்லாத்தையும் மாற்றியது. ஜி.எஸ்.கார் என்பவர் எழுதியது. அவர் இங்கிலாந்தில் பரீட்சைக்கு டியூஷன் எடுத்தவர். நம்ம ஊர் கைடு மாதிரி, சுமார் 5000 தேற்றங்களை வரிசையாக நம்பர் போட்டு அடுக்கியிருப்பார். நிரூபணம் இருக்காது, இருந்தாலும் ஒரு வரி. மற்றவர்களுக்கு அது மனப்பாடம் பண்ற புத்தகம். ராமானுஜனுக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு புதிர். தானே நிரூபித்து, அதிலிருந்து அடுத்ததுக்குப் போய், அங்கிருந்து யாரும் போகாத இடத்துக்குப் போனார். சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். காகிதம் விலை அதிகம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கார் புத்தகம் அப்போதே பழசு. அது வந்தது 1880-களில். அதில் இருந்த கணக்கோ அதற்கும் முந்தையது. ஐரோப்பாவில் 1859-லேயே ரீமான் என்ற ஜெர்மன்காரர் ஒரு ஃபங்ஷனுக்கு ஸீட்டா என்று எழுத்து வைத்து, பகா எண்களைப் பற்றிப் பெரிய வேலை செய்திருந்தார். அது கும்பகோணத்துக்கு வந்து சேரவில்லை. அதனால் ராமானுஜன் பல இடங்களில் தனக்குத் தேவையான எழுத்துகளைத் தானே வைத்துக்கொண்டார். அவர் நோட்டில் ஆல்ஃபாவும் பீட்டாவும் மாடுலர் சமன்பாடுகளில் வரும் ஒரு ஜோடி. நாம டிரான்சிஸ்டருக்குப் போடுகிற ஆல்ஃபா, பீட்டா இல்லை. ஆல்ஃபாவைப் பெருக்கல் பீட்டா, பை ஸ்கொயருக்குச் சமமாக இருந்தால் இன்னது நடக்கும் என்று ஆரம்பிக்கிற சூத்திரங்கள் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபை, சை, கை என்ற மூன்று எழுத்துகளை அவர் தீட்டா ஃபங்ஷன்களுக்கு வைத்தார். உலகம் அதே ஃபங்ஷன்களுக்கு வேறு பெயர் வைத்திருந்தது. இந்த மூன்றையும் மறந்துடாதீங்க, கடைசியில் திரும்ப வரும்.

காலேஜ் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிடறேன். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை. இங்கிலீஷ் போச்சு, ஸ்காலர்ஷிப் போச்சு. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடிப்போனார். திரும்பி வந்து சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில். அரியர் எழுதுகிற வசதி எல்லாம் அப்போது இல்லை. 1909-ல் ஜானகியோடு கல்யாணம், அவருக்கு அப்போது பத்து வயசு. அதுக்கப்புறம் வேலை தேடி, நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமஸ்வாமி ஐயர் நோட்டைப் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் பார்த்தார், மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை, மாதம் 30 ரூபாய்.

இப்போதுதான் நம்ம ஆட்கள் கதைக்குள் வருகிறார்கள். நம்ம ஆட்கள் என்றால் இன்ஜினியர்கள். துறைமுகத்தின் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்ப்ரிங் ஒரு இன்ஜினியர். மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜில், அதாவது இன்றைய கிண்டி காலேஜில், சிவில் பேராசிரியராக இருந்தவர் கிரிஃபித். அவருக்கு ராமானுஜன் எழுதியது புரியவில்லை. புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, லண்டனில் தனக்குக் கணக்குச் சொல்லித்தந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பி வைத்தார். புரியாததைப் பார்த்துச் சிரிக்காமல், புரியக்கூடிய ஆளிடம் அனுப்பினாரே, அதுக்காகவே அந்த சிவில் சாரை எனக்குப் பிடிக்கும்.

அவர் அனுப்பியதில் மூன்று வரிகள் இருந்தன. 1 + 2 + 3 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை -1/12. வர்க்கங்களைக் கூட்டினால் விடை 0. கனங்களைக் கூட்டினால் 1/120. நீங்க ஹில் இடத்தில் இருந்தால் என்ன பண்ணுவீங்க? நேர்மறை எண்களைக் கூட்டினால் மைனஸ் வருமா? 1912 டிசம்பரில் ஹில் பதில் எழுதினார். பையனிடம் திறமை இருக்கிறது, ஆனால் முடிவிலித் தொடர்கள் என்ற குழியில் விழுந்துவிட்டான், இந்த மூன்று விடைகளும் தப்பு, ப்ராம்விச் எழுதிய புத்தகத்தை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள் என்பது சாரம். கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை. வந்திருந்த பேப்பரில் இருந்ததை வைத்துப் பார்த்தால் நியாயமான பதில்தான்.

ஆனால் இங்கே கொஞ்சம் நில்லுங்க. ரீமானின் ஸீட்டா ஃபங்ஷன் என்பது என்ன? 1, அதோடு 2-ன் எஸ் அடுக்கில் ஒன்று, 3-ன் எஸ் அடுக்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போவது. எஸ் ஒன்றைவிடப் பெரிசாக இருந்தால்தான் இந்தக் கூட்டல் ஒரு எண்ணில் போய் நிற்கும். அதுக்குக் கீழே போனால் கூட்டல் வெடித்துவிடும். ஆனால் அந்த வளைவை அது போன போக்கிலேயே, முறியாமல், கூட்டல் வேலை செய்யாத பக்கத்துக்கும் நீட்ட முடியும். அப்படி நீட்டினால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு விடைதான் வரும். எஸ் = -1 என்ற இடத்தில் கூட்டல் 1 + 2 + 3 என்று ஆகிறது, நீட்டிய வளைவின் மதிப்பு -1/12. எஸ் = -2-ல் மதிப்பு 0. எஸ் = -3-ல் 1/120. மூன்றும் சரி. ராமானுஜன் ஒரே ஒரு எழுத்தை முன்னால் போட்டு, இது ஸீட்டாவின் மதிப்பு என்று எழுதியிருந்தால், ஹில் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். ராமானுஜனுக்கு அந்த எழுத்து தெரியாது. சரக்கு இருந்தது, லேபிள் இல்லை.

1913 ஜனவரி 16-ல் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். ஹார்டிக்கு அப்போது வயது 35. கூடவே நிரூபணம் இல்லாத தேற்றங்கள் பக்கம் பக்கமாக. ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தார்கள். சில ஏற்கனவே தெரிந்தவை. சில தப்பு. சிலவற்றை ஹார்டி வாழ்நாளில் பார்த்ததே இல்லை. பதில் போட்டார், நிரூபணம் அனுப்பச் சொல்லி. பிப்ரவரியில் ராமானுஜன் எழுதிய இரண்டாவது கடிதத்தில் அந்த -1/12-ஐ ஹார்டிக்கும் சொல்கிறார். இதைச் சொன்னவுடன் நீங்களும் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவீர்கள் என்ற பயத்தோடுதான் சொல்கிறார். லண்டன் பேராசிரியர் ப்ராம்விச்சைப் படிக்கச் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறார். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று பாதி தூக்கி வைத்திருக்கிற ஒரு ஆள் தெரிகிறார். ஹார்டிக்கு ஸீட்டா தெரியும். அதனால் -1/12 அவரைப் பயமுறுத்தவில்லை.

இதை இத்தோடு நிறுத்தினால், பாவம் ராமானுஜன், உலகம் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்ற வழக்கமான கதையாகிவிடும். அது பாதி உண்மைதான். அதே கடிதத்தில் அவர், ஒரு எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று கிட்டத்தட்ட துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். கணக்குக்காரர்கள் இந்த எண்ணிக்கைக்கு வைத்திருக்கிற எழுத்து பை. 10-க்குள் 2, 3, 5, 7 என்று நாலு பகா எண்கள், ஆகவே 10-ன் பை 4. வட்டத்தோடு இதுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ராமானுஜன் சொன்ன அந்தச் சூத்திரம் தப்பு. ஏன் தப்பு என்றால், அந்தக் கணக்கில் ஸீட்டா ஃபங்ஷன் எங்கெல்லாம் பூஜ்ஜியமாகிறது என்பது முக்கியம். கலப்பெண்களில் அதற்கு முடிவில்லாமல் பூஜ்ஜியங்கள் இருக்கின்றன. ராமானுஜன் அவற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்த ஒரு எழுத்து கும்பகோணத்துக்கு வராததால், அவருடைய சரியான விடை மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிந்தது, தப்பான விடை அவருக்குச் சரியாகத் தெரிந்தது. ரெண்டும் நடந்தது.

1913 மே மாதத்திலிருந்து மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். அந்த வருஷமே பையைப் பற்றி, இந்த முறை வட்டத்துப் பையைப் பற்றி, ஒரு கட்டுரை வெளியானது. அதில் 1/பை-க்கு 17 தொடர்கள். ஒன்றை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்க, சயின்டிஃபிக் கால்குலேட்டர் பையில்தானே இருக்கும் (தமிழ்ப் பை). 2-ஐ ரூட் 2-ஆல் பெருக்கி, அதை 1103-ஆல் பெருக்குங்க. வந்த எண்ணால் 9801-ஐ வகுங்க. 3.1415927 வரும். அது அந்தத் தொடரின் முதல் உறுப்பு மட்டும்தான். அடுத்தடுத்த ஒவ்வொரு உறுப்பும் சுமார் எட்டு இலக்கம் சரியாகக் கொண்டுவரும். 1985-ல் கோஸ்பர் என்பவர் இதை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் பையை ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கத்துக்கு மேல் போட்டார்.

இப்போது என் நண்பனின் எழுத்துக்கு வர்றேன். 1916-ல் ராமானுஜன் ஒரு கட்டுரை எழுதினார், சில எண்கணித ஃபங்ஷன்களைப் பற்றி. அதில் சிக்மா வரும், நம்ம ஸ்ட்ரெஸ் இல்லை. ஒரு எண்ணின் வகுஎண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுவது. அதோடு அவர் டௌவையும் எடுத்தார். கியூ என்று ஒரு மாறியை வைத்துக்கொள்ளுங்கள். 1-லிருந்து கியூவைக் கழி, 1-லிருந்து கியூ ஸ்கொயரைக் கழி, 1-லிருந்து கியூ கியூபைக் கழி, இப்படியே முடிவில்லாமல் போய் எல்லாத்தையும் பெருக்கு. வந்ததை 24-ஆம் அடுக்குக்கு உயர்த்து. முன்னால் ஒரு கியூவை வைத்து விரித்து எழுது. கியூவின் ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் நிற்கிற எண்தான் டௌ. ஒன்றுக்கு 1, இரண்டுக்கு -24, மூன்றுக்கு 252, நாலுக்கு -1472, ஐந்துக்கு 4830, ஆறுக்கு -6048, ஏழுக்கு -16744. கையால் முப்பது வரை அட்டவணை போட்டார்.

பார்த்தால் ஏதோ குப்பைக்கூடையில் கிடந்த எண்கள் மாதிரி இருக்கும். ஆனால் -24-ஐ 252-ஆல் பெருக்குங்க. -6048. அதாவது இரண்டின் டௌவையும் மூன்றின் டௌவையும் பெருக்கினால் ஆறின் டௌ. பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்ணுக்கும் இது நடக்கும் என்று சொன்னார், நிரூபிக்கவில்லை. அடுத்த வருஷமே மோர்டெல் நிரூபித்தார். இன்னொன்றும் சொன்னார்: பகா எண்களுக்கு டௌ எவ்வளவு பெரிசாகப் போகலாம் என்பதற்கு ஒரு எல்லை. அதை நிரூபிக்க 1974 வரை ஆனது. டெலீன் என்ற பெல்ஜியக்காரர் செய்தார். 1978-ல் அவருக்குக் கிடைத்த ஃபீல்ட்ஸ் மெடலுக்குக் காரணமான வேலையில் இதுவும் சேரும். சி.எஸ்.ஈ. மக்களுக்கு: குறைந்த ஒயர்களில் நிறைய இணைப்பு கிடைக்கிற நெட்வொர்க் அமைப்பு ஒன்று இருக்கு, 1988-ல் அதைக் கட்டியவர்கள் இந்த எல்லையைச் சார்ந்த தேற்றத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அதனால் அதுக்கு ராமானுஜன் கிராஃப் என்றே பெயர்.

இன்னொரு வேடிக்கை. டௌவுக்கும் சிக்மாவுக்கும் நடுவில் 691 என்ற எண் உட்கார்ந்திருக்கிறது. இரண்டின் வகுஎண்கள் 1, 2. அவற்றைப் பதினொன்றாம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் 2049. இரண்டின் டௌ -24. வித்தியாசம் 2073, அது 691-ன் மூன்று மடங்கு. எந்த எண்ணை எடுத்தாலும் இந்த வித்தியாசம் 691-ஆல் வகுபடும். இதையும் அந்தக் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்.

இதில் நமக்கு ஆறுதலான செய்தி என்னவென்றால், எண்கணிதம் என்ற ஒரே பாடத்துக்குள்ளேயே டௌவுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. சில புத்தகங்களில் டௌ என்றால் வகுஎண்களின் எண்ணிக்கை. அங்கே ஆறின் டௌ வெறும் 4. பக்கத்துப் புத்தகத்தில் -6048. அந்தப் பேராசிரியர்களே ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்திலும் நான் எந்த டௌவைச் சொல்கிறேன் என்று எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

யுத்த காலம். லிட்டில்வுட் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார். சைவச் சாப்பாடு, தானே சமையல், குளிர். 1917-ல் படுத்தார். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. காசநோய் என்றுதான் அப்போது வைத்தியம் பார்த்தார்கள். பின்னால் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்த ஒரு டாக்டர், ஈரலில் பரவிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் எழுதினார். அது மட்டும் உண்மையென்றால், அந்தக் காலத்திலேயே குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய். ஒரே அறிகுறிக்கு வேறு பெயர் வைத்த கதை அங்கேயும் நடந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார், டிரினிட்டி காலேஜின் ஃபெலோவும் ஆனார். படுக்கையிலிருந்துதான்.

1919 மார்ச் 27-ல் கப்பல் பம்பாய் வந்தது. அங்கிருந்து ரயில். ஏப்ரல் 2-ஆம் தேதி சென்னை. இதைப் படித்தபோது நான் காலை லோக்கலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பம்பாய் மெயில் அரக்கோணம் வழியாகத்தான் சென்ட்ரலுக்கு வரும். அப்படியென்றால் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த அந்த மனிதர் திருவள்ளூர், திருநின்றவூர், நம்ம பட்டாபிராம், ஆவடி என்று இதே தண்டவாளத்தில்தான் போயிருக்கிறார். இப்போது 21 மாடி டைடல் பார்க் நிற்கிற பக்கம் அன்றைக்கு என்ன தெரிந்திருக்குமோ. வயலாக இருந்திருக்கும்.

சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று வீடு மாறி, கடைசியில் சேத்துப்பட்டு. 1920 ஜனவரி 12-ல் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். அதில் உடம்பைப் பற்றிப் பெரிசாக ஒன்றும் இல்லை. புதிதாகச் சில ஃபங்ஷன்களைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லி, 17 உதாரணங்கள் கொடுத்திருந்தார். ஒரு எல்லைக்குப் பக்கத்தில் போகப் போக அவை தீட்டா ஃபங்ஷன் மாதிரியே நடந்துகொள்ளும், ஆனால் தீட்டா இல்லை. நமக்குத் தீட்டா என்றால் கோணம். இவருக்கு தீட்டா என்றால் யாகோபி என்பவர் காலத்திலிருந்து வருகிற, ஒரு தனி சமச்சீர் உள்ள ஃபங்ஷன். அதைப் போலி செய்கிறவை என்பதால் மாக் தீட்டா என்று பெயர் வைத்தார். இந்த முறை பெயர் வைத்தது அவர். உலகத்தில் வேறு யாரிடமும் அதுக்கு எழுத்து கிடையாது.

என்ன எழுத்து போட்டார் தெரியுமா? ஃபை, சை, கை. கும்பகோணத்து நோட்டில் உண்மையான தீட்டாக்களுக்கு வைத்திருந்த அதே எழுத்துகளை எடுத்து, இப்போது போலித் தீட்டாக்களுக்கு வைத்துவிட்டார். அதனால் இன்றைக்கும் அவர் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு வரியிலும் இது எந்த ஃபை, அசலா நகலா என்று பார்த்துக்கொண்டேதான் போகணும். நம்ம செமஸ்டர் நோட்ஸை விட மோசம்.

1920 ஏப்ரல் 26-ல் இறந்தார். வயது 32. கடைசி வரை ஜானகி பக்கத்தில் இருந்தார், அவர் எழுதிய தாள்களை எடுத்து அடுக்கி வைத்தார். பின்னால் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை இருந்தார். அந்தத் தாள்கள் மெட்ராஸ் பல்கலைக்கழகம் போய், ஹார்டியிடம் போய், வாட்சன் என்ற பேராசிரியரிடம் போய், அவர் இறந்த பிறகு டிரினிட்டி நூலகத்தின் ஒரு பெட்டிக்குள் போய்ப் படுத்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் வேறு எதையோ தேடப்போய் அதைத் திறந்தார். தொலைந்த நோட்டுப்புத்தகம் என்று இப்போது சொல்வது அதைத்தான். மாக் தீட்டா உண்மையில் என்ன என்று 2002-ல்தான் ஸ்வேகர்ஸ் என்ற டச்சு மாணவர் தன் ஆய்வேட்டில் தெளிவாகச் சொன்னார். 82 வருஷம். அதுக்கப்புறம் கருந்துளைகளின் என்ட்ரபியை எண்ணுகிற இயற்பியல்காரர்கள் கூட அதை எடுத்துக்கொண்டார்கள்.

டௌ பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கு. எந்த எண்ணுக்காவது டௌ பூஜ்ஜியம் ஆகுமா என்று 1947-ல் லேமர் கேட்டார். ஆகாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

போன வாரம் இதை என் நண்பனிடம் சொன்னேன். அவன் திருநின்றவூரில் ஏறுவான், நான் பட்டாபிராமில். நாலு வருஷமாக அதே வண்டி, அதே பெட்டி. ஃபர்ஸ்ட் இயரில் சிரித்ததுக்கு நான் இதுவரை சாரி சொன்னதே இல்லை. அன்றைக்கும் அதை நேராகச் சொல்ல வரவில்லை, டௌவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். டௌன்னா திருப்பு விசைதானே என்றான், முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு. அப்புறம் ரெண்டு பேரும் சிரித்தோம். ஏழு எண்களையும் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான், பையைத் திறந்து ரஃப் நோட்டை எடுத்தான். ஹிந்து காலேஜ் ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. ஆவடி வருவதற்குள், பட்டியலில் இல்லாத பத்தின் டௌவைக் கண்டுபிடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினான். -1,15,920.